சைட் வேலைய விட்டுட்டு பிஎச்டி சேர்ந்த அனுபவம்: பாலம், பில்டிங் மானிட்டரிங் ரிசர்ச் பக்கம் வர நினைக்கறவங்களுக்கு

சிவில் முடிச்சுட்டு கன்சல்டன்சியிலயோ சைட்லயோ இருக்கற ஜூனியர் பசங்க நிறைய பேர் என்கிட்ட "அண்ணா, கேப் விழுந்துடுச்சே, இனிமே ரிசர்ச்சுக்கு எடுப்பாங்களா"ன்னு கேக்கறாங்க. எடுப்பாங்க. அதுவும் பாலம், பில்டிங்ல சென்சார் வச்சு அது எப்படி இருக்குன்னு தொடர்ந்து பாக்கற, ஸ்ட்ரக்சுரல் ஹெல்த் மானிட்டரிங்னு சொல்ற இந்த ஏரியாவுக்கு, சைட்ல வெயில்ல நின்னு ரீடிங் எடுத்தவங்கதான் ரொம்ப தேவை. நான் வந்த வழிய அப்படியே எழுதறேன்.

நான் சென்னையில ஒரு கன்சல்டன்சியில ஸ்ட்ரக்சுரல் ஆடிட், அதாவது கட்டடம் எவ்வளவு பலமா இருக்குன்னு சோதிக்கற வேலை பாத்துட்டு இருந்தேன். காங்கிரீட்ட தட்டி பாக்கற ரீபவுண்ட் ஹேமர், ஒலி அலை அனுப்பி பாக்கற அல்ட்ராசோனிக், கம்பி துருவை வோல்டேஜ்ல பாக்கற ஹாஃப் செல், உருளையா வெட்டி எடுக்கற கோர் கட்டிங், இதுதான் தினப்படி வேலை. திருவான்மியூர் கடலோரம் ஒரு பழைய அபார்ட்மெண்ட்ல பால்கனி பீம்லேர்ந்து கோர் எடுத்து பினாஃப்தலீன் ஸ்ப்ரே பண்ணோம். நல்ல காங்கிரீட்னா பளிச்னு ரோஸ் கலர் வரணும், கார்பனேஷன் ஆன இடத்துல, அதாவது காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு உள்ள போய் காரத்தன்மை போன இடத்துல, கலரே வராது. அன்னிக்கு கம்பி இருக்கற ஆழம் வரைக்கும் ஒரு பொட்டு ரோஸ் கூட இல்ல. ஹாஃப் செல் ரீடிங்கும் மைனஸ் 350 மில்லிவோல்ட்ட தாண்டி போகுது, அந்த அளவுக்குப் போனாலே கம்பியில துரு ஓடிட்டு இருக்க 90 சதவீதத்துக்கு மேல வாய்ப்புன்னு அர்த்தம். ரிப்போர்ட் குடுத்தோம், அவங்க மேல பூசி பெயின்ட் அடிச்சுட்டு குடியிருக்காங்க. நாம எடுக்கற ரீடிங் அந்த ஒரு நாளைக்கு மட்டும்தான், அடுத்த மழைக்கு அது என்ன ஆகும்னு சொல்ல கையில எதுவும் இல்லைங்கறது என்னைய ரொம்ப உறுத்துச்சு. மௌலிவாக்கத்துல 2014 ஜூன் 28 அன்னிக்கு 11 மாடி பில்டிங் விழுந்து 61 பேர் செத்தது இந்த ஊர்ல சிவில் படிச்ச யாருக்கும் மறக்காது.

சென்னையில இருக்கறது நமக்கு பெரிய வசதி. ஐஐடி மெட்ராஸ், கிண்டி இன்ஜினியரிங் காலேஜ், தரமணியில சிஎஸ்ஐஆர் எஸ்இஆர்சிங்கற மத்திய அரசு ஸ்ட்ரக்சுரல் ஆராய்ச்சி நிலையம், எல்லாமே பக்கம் பக்கம். எஸ்இஆர்சியில சேர்றவங்க பொதுவா ஏசிஎஸ்ஐஆர்ங்கற, சிஎஸ்ஐஆரோட பட்டம் தர்ற அகாடமி மூலமா பிஎச்டி ரிஜிஸ்டர் பண்ணுவாங்க. எம்ஈ இல்லாம வெறும் பிஈ மட்டும் வச்சிருந்தா ஐஐடியில எம்எஸ் பை ரிசர்ச்னு ஒரு வழி இருக்கு, அது நிறைய பேருக்கு தெரியவே மாட்டேங்குது. நான் எங்க சேர்ந்தேன்னு இங்க சொல்லல, ப்ராசஸ் எல்லா இடத்துலயும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

முதல்ல கேட் (GATE) எக்ஸாம். 65 கேள்வி, 100 மார்க், ஸ்கோர் 3 வருஷம் செல்லும். வேலை பாத்துக்கிட்டே எழுதறவங்க முழு சிலபஸையும் சரிசமமா படிக்க முடியாது, ஆப்டிட்யூட் 15 மார்க், மேத்ஸ் 13 மார்க், இந்த 28ஐ முதல்ல கெட்டியா பிடிங்க, அப்புறம் ஸ்ட்ரக்சர்ஸ், ஜியோடெக், மீதி நேரம் இருந்தா மத்தது. நான் எலக்ட்ரிக் ட்ரெயின்ல போய் வர்ற நேரத்துலதான் பழைய கேள்வித்தாள் போட்டேன்.

அப்புறம் ரிட்டன் டெஸ்ட், இன்டர்வியூ. இங்கதான் எல்லாரும் பயப்படறாங்க, பெரிய பெரிய பேப்பரெல்லாம் படிச்சுட்டு போறாங்க. என்கிட்ட கேட்டது ரெண்டு முனையிலயும் சும்மா தாங்கி நிக்கற சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம்தான். "விறைப்பு 10 சதவீதம் குறைஞ்சா நேச்சுரல் ஃப்ரீக்வென்சி எவ்வளவு குறையும்?" நேச்சுரல் ஃப்ரீக்வென்சின்னா பீம் தானா ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை ஆடும்ங்கறது, அது ஈஐயோட, அதாவது விறைப்போட, ஸ்கொயர் ரூட்டுக்கு ஏத்த மாதிரி போகும், அதனால கிட்டத்தட்ட 5 சதவீதம்னு சொன்னேன். உடனே அடுத்தது, "வெயில் ஏறினாலே ஃப்ரீக்வென்சி மாறுமே, அப்ப டேமேஜ்னு எப்படி கண்டுபிடிப்ப?" அந்த ஒரு கேள்வியிலதான் ரொம்ப நேரம் போச்சு, இப்ப என் தீசிஸே அதுதான்.

இன்னொரு மேடம் குஜராத் மோர்பி பால விபத்து பத்தி கேட்டாங்க. 2022 அக்டோபர் 30, ரிப்பேர் பண்ணி திறந்த சில நாள்லயே தொங்கு பாலம் அறுந்து 135 பேர் போனாங்க. "சென்சார் வச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாமா?"ன்னாங்க. மெயின் கேபிள்லயே நிறைய கம்பி துருப்பிடிச்சிருந்தது, கேபிள்லேர்ந்து நடைபாதைய தூக்கிப் பிடிக்கற பழைய சஸ்பெண்டர் கம்பியோட புதுசை வெல்டு பண்ணியிருந்தாங்க, அதனால திறக்கறதுக்கு முன்னாடியே கேபிளை பிரிச்சு பாத்து லோடு டெஸ்ட் பண்ணியிருக்கணும், சென்சார் அதுக்கப்புறம்தான் மேடம்னு சொன்னேன். இந்த மாதிரி பதில் சைட் அனுபவம் இருக்கறவங்களுக்கு தானா வரும், அத வெளிய சொல்ல தயங்காதீங்க.

காசு விஷயமும் பேசிடலாம். 2023லேர்ந்து ஜேஆர்எஃப்ங்கற ஜூனியர் ஃபெலோஷிப் மாசம் 37,000 ரூபாய், சீனியர் (எஸ்ஆர்எஃப்) ஆனா 42,000, ஹாஸ்டல்ல இல்லேன்னா வீட்டு வாடகைப்படி (எச்ஆர்ஏ) தனி. ஆனா அது மாசாமாசம் டாண்ணு வரும்னு நம்பி ஈஎம்ஐ போட்றாதீங்க, எனக்கு முதல் பணம் வர பல மாசம் ஆச்சு, அதுவரைக்கும் சேமிப்புலதான் ஓட்டினேன். அப்பா "ஏம்ப்பா, வர்ற சம்பளத்த விட்டுட்டு இந்த வயசுல மறுபடி படிக்கவா"ன்னு கேட்டப்போ வாயால விளக்கி புரியவைக்க முடியல, அந்த திருவான்மியூர் பால்கனி பீம் போட்டோவைக் காட்டினேன், அதுக்கப்புறம் அவர் அதப் பத்தி கேக்கவே இல்ல.

கோர்ஸ் வொர்க்ல ஸ்ட்ரக்சுரல் டைனமிக்ஸ் பரவால்ல, சிக்னல் ப்ராசஸிங்தான் நம்ம சிவில் ஆளுங்களுக்கு புதுசு. எஃப்எஃப்டி (அதிர்வுல எந்தெந்த ஃப்ரீக்வென்சி இருக்குன்னு பிரிச்சு காட்டற கணக்கு), ஃபில்டர், பைத்தான் இதெல்லாம் சேர்றதுக்கு முன்னாடியே கொஞ்சம் பழகிட்டு வந்தா காம்ப்ரிஹென்சிவ் வைவாங்கற வாய்மொழித் தேர்வு வரைக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

முதல் ஃபீல்டு டெஸ்ட் ஒரு 30 மீட்டர் ஸ்பான் பாலத்துல. பர்மிஷன் லெட்டர் மேசை மேசையா சுத்தி வந்ததுதான் பாதி வேலை. ராத்திரி ட்ராஃபிக் குறைஞ்சதும் பாலத்தோட மேல்தளமான டெக்க துடைச்சு, அதிர்வை அளக்கற ஆக்சலரோமீட்டரை மெழுகு வச்சு ஒட்டி, கேபிள் இழுத்து, லேப் அண்ணன் "தம்பி, கேபிள் மேல வண்டி ஏறாம பாத்துக்க"ன்னு ரோட்டோரமா நின்னுட்டாரு. ஒரு எம்டிசி பஸ் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்ல தடதடன்னு ஏறி எறங்கிச்சு. பஸ் போனதுக்கப்புறமும் ஸ்க்ரீன்ல கோடு ஆடிக்கிட்டே இருந்து மெதுவா அடங்குது, எஃப்எஃப்டி போட்டா 4 ஹெர்ட்ஸ் பக்கத்துல கூர்மையா ஒரு பீக். இத்தனை வருஷம் சுத்தியல் தட்டி பாத்த காங்கிரீட் இப்படி தானா பதில் சொல்றத பாத்தப்போ எனக்கு புல்லரிச்சுடுச்சு.

அதே பாலத்துல மத்தியானம் எடுத்தா பீக் கொஞ்சம் நகர்ந்து இருக்கும். 30 மீட்டர் கர்டர் (பாலத்த தாங்கற பெரிய பீம்) 20 டிகிரி சூடானா சுமார் 6 மில்லிமீட்டர் நீளும், கர்டரை நகர விடற பேரிங் இறுகிப்போயிருந்தா அந்த நீளம் விசையா மாறும். ஸ்விட்சர்லாந்துல ஸி24னு ஒரு பாலத்த 1998ல இடிக்கறதுக்கு முன்னாடி ஏறக்குறைய ஒரு வருஷம் சென்சார் வச்சு பாத்தாங்க, குளிர்ல தார் ரோடு உறைஞ்சதுக்கே ஃப்ரீக்வென்சி நல்லா ஏறிச்சு. நமக்கு உறையறது இல்ல, ஆனா மே மாச டெக் சூடும் நவம்பர் மழை ஈரமும் இருக்கு. வெளிநாட்டு டேட்டாவுல ட்ரெயின் பண்ண கம்ப்யூட்டர் மாடலை இங்க அப்படியே போட்டா தப்பு தப்பா அலாரம் அடிக்கும். நம்ம ஊர் பாலத்துக்கு நம்ம ஊர் சீதோஷ்ணத்துல வருஷம் பூரா எடுத்த டேட்டா வேணும், அதுக்கு ஆள் வேணும், அதுக்காகத்தான் இவ்வளவு எழுதறேன்.

முடிச்சதும் வேலை கிடைக்குமான்னு கேக்கறவங்களுக்கு: சயின்டிஸ்ட், ஃபேகல்டி போஸ்ட் எண்ணிக்கை கம்மி, போட்டி ஜாஸ்தி, அது உண்மை. ஆனா மெட்ரோ ஃபேஸ் 2 தோண்டற இடத்துல போய் பாருங்க, பக்கத்து பில்டிங் சுவர்ல அது இறங்குதா, சாயுதா, விரிசல் பெருசாகுதான்னு பாக்கற செட்டில்மென்ட் மார்க்கர், டில்ட் மீட்டர், க்ராக் மீட்டர், தரையில மண் நகர்றதையும் நிலத்தடி நீர் அழுத்தத்தையும் அளக்கற இன்க்ளினோமீட்டர், பீசோமீட்டர்னு வரிசையா இருக்கும், அந்த டேட்டாவ ஒழுங்கா படிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு வேலை இருக்கு. அப்ளை பண்றவங்க கம்யூனிட்டி சர்டிபிகேட்டையும் கம்பெனி எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரையும் இப்பவே வாங்கி வச்சுடுங்க, அந்த லெட்டர்ல என்னென்ன டெஸ்ட் பண்ணீங்கன்னு பேரு போட்டு எழுதித் தரச் சொல்லுங்க, இன்டர்வியூவுல முதல்ல அதத்தான் கையில எடுக்கறாங்க.