இடி மழையும் ஆறாவது சுவிட்சும்

சித்திரை மாதத்துச் சாயங்கால இடியைக் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். நாலு மணிக்கு மலைப்பக்கம் கறுக்கும், ஐந்து மணிக்குக் கரண்ட் போகும். மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அப்படியொரு இடிக்கு மறுநாள் மூன்று கட்டடங்களில் ஏழு நெட்வொர்க் சுவிட்சுகள், அதாவது கம்ப்யூட்டர் ஒயர்களை ஒன்றுசேர்க்கும் பெட்டிகள், செத்துக் கிடந்தன. எங்கள் எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒயர் செருகும் கருகிய போர்ட்டை மோந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "சாரே, இடி வெட்டும்போ நாங்க வீட்டுல டிவி ஒயரை உருவிப் போடுவோம். நீங்க எதை உருவுவிய?"

பதில் தெரியவில்லை.

அப்போது நான் பெரிய விஷயங்களில் மயங்கிக் கிடந்தேன். 1986-இல் மத்திய அரசின் மின்னணுவியல் துறையும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து ஐந்து ஐஐடிகள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் உட்பட எட்டே இடங்களை வைத்து எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலைப்பின்னலைத் தொடங்கிய கதை எனக்கு மனப்பாடம். பொதுமக்களுக்கு அன்றைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். இணையம் கொடுத்தது 1995 ஆகஸ்ட் 15-இல்தான். அதற்குப் பல வருடம் முன்பே பேராசிரியர்கள் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2010-இல் மத்திய அமைச்சரவை தேசிய அறிவு வலைப்பின்னலுக்கு 5,990 கோடி ரூபாய் ஒதுக்கியது. சுமார் 1,500 கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களைக் கோர்ப்பது நோக்கம். எங்களுக்கு வந்தது இன்னொரு மத்திய அரசுத் திட்டத்தின் 10 எம்பிபிஎஸ் இணைப்பு. அது வந்த அன்று சர்வர் ரூமில் லட்டு கொடுத்தோம்.

சர்வர் ரூமில் முழு வேகமும் கிடைத்தது. நூலகத்தில் ஒரு ஆய்விதழ்ப் பக்கத்தைத் திறந்துவிட்டுப் போய் டீ குடித்து வரலாம். காரணம் தேட ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அலுவலகத்திலிருந்து வேதியியல், அங்கிருந்து கம்ப்யூட்டர் லேப், பிறகு விடுதி. ஒரு சுவிட்சிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது. எங்கே போர்ட் காலியோ அங்கே செருகியிருந்தார்கள். நூலகம் ஆறாவது சுவிட்சு. செம்பு ஒயருக்கு 100 மீட்டர்தான் எல்லை. இங்கே சரிவில் நின்ற ரப்பர் மரங்களில் கட்டி 140 மீட்டர் இழுத்திருந்தார்கள். லேபில் ஒரு பையன் ஒரே ஒயரின் இரண்டு முனையையும் ஒரே சுவிட்சில் செருகினால் பிரின்சிபல் அறை வரை எல்லாம் படுத்துவிடும். வருடத்துக்கு இரண்டு முறையாவது படுத்தது.

அமெரிக்காவின் ஆரகன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் என்.எஸ்.ஆர்.சி. என்ற குழு 1992 முதல் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் நெட்வொர்க் அமைக்கும் வேலையைச் சொல்லிக்கொடுக்கிறது. பாடங்களை இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். படித்தபோது எங்கள் கல்லூரியைப் பார்த்துவிட்டு எழுதியது போலிருந்தது. வெளி இணைப்புக்கு முன் வளாகத்தைச் சரிசெய். நடுவில் வழி பிரித்து அனுப்பும் ஒரு ரவுட்டர், அதிலிருந்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் நேராக ஒரு ஃபைபர், அதாவது வெளிச்சத்தில் தகவல் போகும் கண்ணாடி இழை. கட்டடத்துக்குக் கட்டடம் செம்பு போகவே கூடாது. பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கும் நடுவே மின்னழுத்தம் எகிறும். அந்த மின்சாரம் ஓட நாமே செம்பில் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறோம். கண்ணாடியில் அது ஓடாது.

ஆனால் காசு யார் கொடுப்பது? கேட் வரை இழுக்க அரசுத் திட்டத்தில் பணம் இருந்தது. கேட்டுக்கு உள்ளே குழி வெட்ட எந்தக் கணக்கிலும் இல்லை. நிர்வாகத்திடம் நான் நீட்டிய வரைபடங்கள் பலிக்கவில்லை. கருகிய ஏழு சுவிட்சுகளின் பில்லை நீட்டியதும் பலித்தது.

2017 மே விடுமுறையில் குழி வெட்டினோம். ஃபைபர் ஒட்ட வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தோலை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, வெட்டி, தலைமுடி போன்ற இரண்டு நுனிகளை மெஷினில் வைத்தான். குட்டித் திரையில் அவை தூண் மாதிரித் தெரிந்தன. சின்னதாக ஒரு பொறி, ஒட்டிய இடத்தில் வெளிச்ச இழப்பு 0.02 டெசிபல்தான் என்று எண் வந்தது. வெட்டி விழுந்த கண்ணாடித் துணுக்குகளை ஒவ்வொன்றாக டேப்பில் ஒட்டி எடுத்தான். "கையில ஏறிச்சுன்னா கண்ணுக்கே தெரியாது, சார்."

அந்த நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்தது. புதைத்த ஃபைபருக்கு ஒன்றும் ஆகவில்லை. ரோட்டிலிருந்து கம்பம் வழியாக வந்த வெளி இணைப்பு மரங்களோடு விழுந்தது. உள்ளே ஜெனரேட்டரில் எல்லா விளக்கும் பச்சையாக எரிய, வெளியுலகம் பல நாள் கிடையாது. அந்த ஒற்றை வழி இன்றும் ஒற்றை வழிதான். அது தனிப் புலம்பல்.

அடுத்த சித்திரையில் முதல் இடி. ராத்திரி அண்ணன் போன் செய்தார். "சாரே, உருவணுமா?" வேண்டாம் அண்ணா, இப்போது ஃபைபர்தானே என்றேன், கொஞ்சம் பெருமையாக. மறுநாள் போய்ப் பார்த்தால், வாட்ச்மேன் அறைக்குப் போகும் கேமரா ஒயரை மட்டும் உருவி, சுருட்டி, ஆணியில் மாட்டி வைத்திருந்தார். நாங்கள் மாற்ற மறந்த ஒரே செம்பு ஒயர் அதுதான்.