40 ஏக்கருக்கு வில்லங்கம் பார்த்த கதை

அலுவலக நண்பர் ஒருவர், கறுப்பினத்தவர், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து டிராய் நகரத்துக்காரர். அவர் வீட்டில் தலைமுறைகளாக ஒரு பேச்சு உண்டு: பாட்டனாருக்குப் பாட்டனாருக்கு மலையில் 40 ஏக்கர் இருந்ததாம், கெரிட் ஸ்மித் கொடுத்ததாம். ஊரில் அப்பாவோடு பத்திர ஆபீஸுக்கு அலைந்த தைரியத்தில் "நான் பார்த்துத் தருகிறேன்" என்று வாயை விட்டுவிட்டேன்.

கெரிட் ஸ்மித் நியூயார்க் மாநிலத்துப் பீட்டர்பரோவில் இருந்த பெரிய நிலக்காரர். அப்பா பீட்டர் ஸ்மித், ஜான் ஜேக்கப் ஆஸ்டரோடு கூட்டாகத் தோல் வியாபாரம் செய்தவர், நிலத்தை வாங்கிக் குவித்தவர். அந்த மாநிலத்தின் 1821 அரசியல் சட்டப்படி கறுப்பின ஆண்கள் ஓட்டுப்போட 250 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும், வெள்ளையருக்கு அந்தக் கட்டாயம் இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் மகன் கெரிட் 1846இல் கறுப்பினத்தவர் 3,000 பேருக்கு 1,20,000 ஏக்கர் தருவதாக அறிவித்தார். பெரும்பகுதி அடிரண்டாக் மலைப்பக்கம்.

முதல் இரண்டு வாரம் வீண். வாங்கியவர் டிராயில் இருந்தார் என்பதால் அந்தக் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பதிவுகளையே புரட்டிக்கொண்டிருந்தேன், பத்திரம் பதிவாவது நிலம் இருக்கும் கவுண்டியில் என்பது நம்மூரிலும் அப்படித்தான், எனக்குத்தான் உறைக்கவில்லை. அப்புறம் அடிரண்டாக் பக்கத்து எஸெக்ஸ், பிராங்க்ளின் இரண்டு கவுண்டிகளிலும் தேடினேன். வாங்கியவர் பெயரில் ஒன்றும் அகப்படவில்லை. எழுதிக் கொடுத்தவர் பட்டியலில் ஸ்மித் பெயரைப் பிடித்தால் பக்கம் பக்கமாக வருகிறது, அதை ஒவ்வொரு வரியாகப் படித்தபோதுதான் நம்மாள் கிடைத்தார். அவர் பெயரைப் பதிவு ஆபீஸ் கிளார்க் வேறு எழுத்தில் எழுதியிருக்கிறார்!

கையெழுத்துதான் உயிரை எடுத்தது. வரிசை வரிசையாக 'do' என்று ஏதோ வருகிறது, 'செய்' என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு ஒரு மாலை முழுக்கக் குழம்பினேன். 'மேற்படி' என்பதன் சுருக்கமாம். அளவெல்லாம் சங்கிலியில். ஒரு சங்கிலி 66 அடி, நூறு லிங்க். நம்மூர்ப் பழைய சர்வே புத்தகங்களில் பார்த்த அதே லிங்க்தான். 160 ஏக்கர் லாட்டை (எண் போட்டுப் பிரித்த நிலத்துண்டு) நான்காக வெட்டித் தென்மேற்குக் கால்பங்கு இவருக்கு. சதுரமாக வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு 20 சங்கிலி, அதாவது கால் மைல். கணக்குப் போட்டு 40 ஏக்கர் சரியாக வந்தபோது எனக்கே ஏதோ சொந்த நிலம் கிடைத்த மாதிரி இருந்தது.

ஸ்மித் குடும்பத்துக் கணக்கு நோட்டுகளும் கடிதங்களும் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. போவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், பென்சில் கொண்டுபோங்கள், லாட் எண் தெரியாமல் போகாதீர்கள். பெட்டிகள் ஏராளம்.

நண்பரின் பாட்டனார் அங்கே குடியேறவே இல்லை போலிருக்கிறது. நிலம் பெற்ற பலருக்கும் அதுதான் நடந்தது: காடு, குளிர், கையில் முதல் இல்லை, ஆனால் வரி மட்டும் வருடா வருடம் கட்டியாக வேண்டும். வரிபாக்கிக்காக ஏலம் போன நிலங்களில் இதுவும் ஒன்றா என்று பார்க்க அடுத்த மாதம் மாநிலத் தலைநகர் ஆல்பனிக்குப் போகிறேன், இந்த முறை நண்பரும் கூட வருகிறார்.