ப்ரோவோ நாட்குறிப்பு: பயிற்சியின் முதல் வாரங்கள்

மே 29, 2025, வியாழன், டாலஸ்

நேற்று முன்தினம் இரவு மார்மன் சபை என்று பலர் அறிந்த எங்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் வட்டாரத் தலைவர் என் தலைமேல் கைகளை வைத்து ஜெபித்து, நற்செய்தி சொல்லும் ஊழியத்துக்குப் பிரித்தெடுத்தார். இனி 18 மாதங்கள் நான் சிஸ்டர். ஆண்களுக்கு எல்டர் என்ற பட்டம், 24 மாத ஊழியம். எனக்குக் கிடைத்த இடம் சிலி நாட்டின் கான்செப்சியோன். மொழி ஸ்பானிஷ். பயிற்சி ஆறு வாரம். முதல் வாரத்தை வீட்டிலிருந்தே இணையத்தில் முடிக்க வேண்டும், பிறகு யூட்டாவில் உள்ள ப்ரோவோ பயிற்சி மையம்.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா பின்னால் தாளிக்கிற வாசனை. சொந்தக்காரர்கள் பலர் "சம்பளம் எவ்வளவு?" என்று அப்பாவிடம் விசாரிக்கிறார்கள். சம்பளம் கிடையாது. அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்கு மாதம் 500 டாலர், அதை நாங்களோ குடும்பமோதான் கட்டுகிறோம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே பகுதிநேர வேலையில் இதற்காகச் சேர்த்தேன். அந்தப் பணத்தை வேறு எதிலும் போட எனக்கு ஆசை வந்ததில்லை.

ஜூன் 4, புதன், ப்ரோவோ

வந்து சேர்ந்துவிட்டேன். இந்த இடம் 1976ல் மொழிப் பயிற்சிக்காகத் திறக்கப்பட்டது. 2017ல் புதிதாக இரண்டு ஆறுமாடிக் கட்டிடங்கள் எழும்பின. ஒரே நேரத்தில் 3,700 பேர் வரை பயிற்சி பெறலாம். வாசலில் பெட்டியை இறக்கியதும் ஏற்கெனவே இங்கிருக்கும் ஒரு சிஸ்டர் ஓடிவந்து இழுத்துக்கொண்டு போனார். கறுப்புப் பெயர்ப்பட்டையை வாங்கிக் குத்திக்கொண்டபோது, அதில் என் குடும்பப் பெயருக்குக் கீழே இயேசு கிறிஸ்துவின் பெயர் ஸ்பானிஷில் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் துணை ஊழியர் ஐடஹோவில் விவசாயக் குடும்பத்துப் பெண். இனி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியக்கூடாது. படிப்பு, சாப்பாடு, நடை, ஜெபம் எல்லாம் சேர்ந்தே. அவருக்கு வீட்டில் தனி அறை இருந்ததாம், அதனால் கொஞ்சம் திணறுகிறார். நான் விடுமுறைக்கெல்லாம் கோயம்புத்தூரில் அம்மிச்சி வீட்டில் பாய் விரித்து மாமா, சித்தி பிள்ளைகளோடு வரிசையாகப் படுத்து வளர்ந்தவள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சிரமமே இல்லை.

எதிரே மலையடிவாரத்தில் 1972ல் பிரதிஷ்டையான ஆலயம் இருந்தது. இங்கே பயிற்சிக்கு வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக நடந்தே போய் வந்த இடம். 2024 பிப்ரவரியில் மூடி, புதிதாகக் கட்டுகிறார்கள். அந்த நடை எங்கள் தொகுதிக்கு வாய்க்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

காலை 6.30க்கு எழ வேண்டும், இரவு 10.30க்கு விளக்கு அணைய வேண்டும். நடுவில் வேதப் படிப்பு, துணையோடு படிப்பு, ஸ்பானிஷ் வகுப்பு, சாப்பாடு, மறுபடி வகுப்பு, உடற்பயிற்சி. ஆசிரியர்கள் எல்லாரும் ஊழியம் முடித்துத் திரும்பியவர்கள். பலர் பக்கத்திலேயே இருக்கும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே சொல்லித்தருகிறார்கள். ஸ்பானிஷின் த, ப எல்லாம் தமிழ் நாக்குக்குப் பழகிய ஒலிகள். உச்சரிப்பில் நான் முந்துகிறேன், இலக்கணத்தில் என் துணை முந்துகிறார்.

இன்று முதல் பாடம் நடத்தினோம். ஆசிரியை தன் ஊழியத்தில் சந்தித்த ஒரு சிலி நாட்டுப் பெண்மணியாக மாறி நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த இருபது நிமிடமும் அவர் ஆங்கிலம் பேசவே மாட்டார். "பாத்ரே செலெஸ்தியால்" என்று ஜெபத்தைத் தொடங்கினேன். பரலோகப் பிதாவே. அதற்கு மேல் எனக்கு இருந்தவை நன்றி, குடும்பம், அன்பு, தேவை, உதவி. தமிழில் ஜெபிக்கும்போது வரிசையாக வரும் அலங்காரமான சொற்றொடர்கள் எதுவும் கைவசம் இல்லை. மிச்சம் இருந்தது எனக்கு உண்மையிலேயே வேண்டியது மட்டும்தான். அப்படி ஒரு ஜெபத்தை நான் இதுவரை செய்ததில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இன்று பெந்தெகொஸ்தே. எங்கள் சபையில் இதைத் தனிப் பண்டிகையாக வைப்பதில்லை. ஆனால் அம்மிச்சி சிஎஸ்ஐ, தென்னிந்தியத் திருச்சபை. கோயம்புத்தூரில் இன்று அவர் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருப்பார். அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தைக் காலையில் நானாகவே வாசித்தேன். பல தேசத்தாரும் அவரவர் சொந்தப் பாஷையில் கேட்டார்கள் என்ற பகுதி. பயிற்சி மையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் கற்பிக்கிறார்கள். கூடத்தில் நடந்தால் ஓர் அறையில் ஜப்பானியம், அடுத்ததில் போர்த்துக்கீசியம். அந்த அதிகாரத்தை வாசிக்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது.

திருவிருந்துக் கூட்டம் எங்கள் கிளையில் ஸ்பானிஷில்தான். அப்பமும் தண்ணீரும். யார் பேச வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. எல்லாருமே ஒரு சிறு பேச்சை எழுதித் தயாராக வர வேண்டும், கிளைத் தலைவர் மேடையிலிருந்து பெயரைச் சொல்வார். இன்று ஒரு எல்டர் போனார். வந்து சில நாள்தான் ஆகியிருக்கும். மூன்று, நான்கு வாக்கியம் பேசினார். தன் அண்ணன் சபையை விட்டுப் போனதையும், தான் இன்னும் அவருக்காக ஜெபிப்பதையும் சொன்னார் என்பது என் ஸ்பானிஷுக்கே விளங்கியது.

ஜூன் 10, செவ்வாய்

செவ்வாய் இரவு எல்லாரும் சேர்ந்து கூடும் ஆராதனை. பாடகர் குழுவில் யார் வேண்டுமானாலும் சேரலாம், நானும் சேர்ந்தேன். ஒன்பது மணி நெருங்கி வெளியே வந்தும் வெளிச்சம் இருந்தது, டிம்பனோகஸ் மலையில் இன்னும் பனி. கான்செப்சியோனில் இப்போது குளிர்காலம், மழை. அம்மா சொன்னபடி மழைக்கோட்டு வாங்கி வந்தது நல்லது.

ஜூன் 12, வியாழன்

இன்று எங்களுக்கு ஆயத்த நாள். துணி துவைப்பது, கடிதம், வீட்டுக்கு அழைப்பு. 2019 வரை ஊழியர்கள் வருடத்துக்கு இரண்டு தடவைதான் வீட்டாரோடு பேசலாம். இப்போது வாரா வாரம் பேசலாம். காலை எட்டரைக்கு அழைத்தால் கோயம்புத்தூரில் இரவு எட்டு. அம்மிச்சி காபி டம்ளரோடு வந்தார். எங்கள் சபையில் காபியும் தேநீரும் இல்லை என்பது அவருக்கு இன்னும் ஒப்பவில்லை.

"கண்ணு, சோறு போடறாங்களா?"

"போடறாங்க அம்மிச்சி. நல்லாத்தான் இருக்குதுங்க."

அப்புறம் கேட்டார்: "அந்த ஊர்க்காரங்களும் கிறிஸ்தவங்கதானே? இயேசுவைப் பத்தி அவங்களுக்குத் தெரியாததையா நீ போய்ச் சொல்லப்போற?"

கோபமில்லாமல்தான் கேட்டார். அம்மா கோயம்புத்தூரில் கல்லூரி நாட்களில் இந்தச் சபையில் சேர்ந்தபோது தொடங்கிய கேள்வி அது. அம்மாவிடம் கேட்டு ஓய்ந்து, இப்போது என்னிடம் வந்திருக்கிறது. யோசித்து அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். என் ஊழியத்தின் மையமே இந்தக் கேள்வி. ஒப்புக்கு ஒரு பதில் கொடுத்து அதைக் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 14, சனி

ஓய்வு நேரத்தில் எங்களுக்கு முன் போனவர்களைப் பற்றிப் படிக்கிறேன். பார்லி பிராட் என்ற எங்கள் சபை அப்போஸ்தலர் 1851ல் சிலியின் வால்பரைசோவில் போய் இறங்கினார். மொழி தெரியாது. பயிற்சி என்று ஒன்றே அப்போது கிடையாது. கூடச் சென்ற மனைவிக்கு அங்கே பிறந்த குழந்தை அங்கேயே இறந்தது. ஒருவருக்குக்கூட ஞானஸ்நானம் கொடுக்காமல் 1852ல் திரும்பினார்கள். ஊழியர்கள் மறுபடி சிலிக்குப் போனது 1956ல்.

இன்னொருவர் ரிச்சர்ட் பாலன்டைன். சால்ட் லேக் பள்ளத்தாக்கில் 1849ல் தன் சொந்த வீட்டில் முதல் ஞாயிறு பள்ளியை நடத்தியவர். அவரை 1852ல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். மனைவி மக்களை விட்டுக் கிளம்பி, 1853 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறி, கல்கத்தா வழியாக அந்த ஆண்டு ஜூலையில் வந்து சேர்ந்த ஊர் மதராஸ்! எங்கள் சபைக்காரர் ஒருவர் அவ்வளவு முன்பே சென்னையில் நின்றிருக்கிறார் என்பதை நான் இப்போதுதான் அறிகிறேன். தமிழ் தெரியாது. கேட்டவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேயச் சிப்பாய்களும் ஐரோப்பியர்களும். ஒரு மாதப் பத்திரிகைகூட அச்சடித்தார். ஓராண்டில் உடல் நலிந்து திரும்பிவிட்டார்.

அவர் சந்தித்தவர்களும் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள்தான். அம்மிச்சியின் கேள்வியை மதராஸில் அவரிடமும் யாராவது கேட்டிருப்பார்கள் என்றே தோன்றுகிறது. எனக்குக் கிடைத்திருக்கும் இந்த ஆறு வாரத்தின் அருமை இன்று விளங்குகிறது.

ஜூன் 17, செவ்வாய்

ஆசிரியை வேடமிடும் அந்தச் சிலிப் பெண்மணிக்கு மறுபடி பாடம். 1820ல் நியூயார்க் மாநிலத்தில் பின்னாளில் எங்கள் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித், தன் பதினான்கு வயதில், எந்தச் சபையில் சேர்வது என்று கேட்டு ஒரு தோப்பில் ஜெபித்த வரலாறு. என் துணை அழகாகச் சொன்னார். கேட்டுவிட்டு அந்தப் பெண்மணி சொன்னார்: "நான் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவள். என் அம்மா ஜெபமாலையைப் பிடித்தபடியே கண்ணை மூடினாள். அவள் விசுவாசம் போதாதா?"

அச்சு அசலாக அம்மிச்சி. அந்தப் பெண்மணியின் அம்மாவுடைய விசுவாசத்தைக் குறைத்துச் சொல்ல என் வாய் வராது, வரவும் கூடாது. அம்மா எப்படி இருப்பார்கள் என்று கேட்டேன். நிறையச் சொன்னார். பாதி புரிந்தது. பிறகு எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் சொன்னேன்: உங்கள் அம்மா நல்லவர். தேவன் அவரை அறிவார். தேவன் இன்றும் பேசுகிறார். குடும்பம் மரணத்தோடு முடிவதில்லை. நீங்களும் அம்மாவும் என்றைக்கும் சேர்ந்திருக்கலாம்.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியை தன் வேடத்தைக் கலைத்துவிட்டு, அந்த நிஜப் பெண்மணி இன்றும் தனக்குக் கடிதம் எழுதுவதாகச் சொன்னார். அவர் சபையில் சேர்ந்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஜூன் 19, வியாழன்

அம்மிச்சிக்குப் பதில் சொல்லிவிட்டேன்.

சிஎஸ்ஐ கோயிலில் அவருக்கும் அப்பிச்சிக்கும் நடந்த கல்யாணத்தில், மரணம் பிரிக்கும்வரை என்றுதான் உடன்படிக்கை. எங்கள் ஆலயங்களில் நடக்கும் திருமணத்தில் அந்த எல்லை இல்லை. இறந்துபோனவர்களுக்காகவும் அதைச் செய்ய முடியும். இந்தியாவிலும் பெங்களூருவில் ஓர் ஆலயம் 2018ல் அறிவிக்கப்பட்டு 2020ல் அடிக்கல் நாட்டப்பட்டது. "அவங்களுக்கு இயேசுவைத் தெரியும் அம்மிச்சி. நான் அதுக்கு மேல கூட்டித்தான் சொல்லப்போறனுங்க. எதையும் பிடுங்கப் போகலீங்க" என்றேன்.

அம்மிச்சி டம்ளரைக் கீழே வைத்தார். "உங்க அப்பிச்சிக்கு அங்கயும் நான்தான் சோறு ஆக்கணுமா?" என்றார். அம்மா சிரித்துவிட்டார். அப்புறம் அம்மிச்சியே, "சரி, அதை அந்த ஊர்ப் பாஷையில சொல்லு பார்க்கலாம்" என்றார். சொன்னேன். முழுக்கக் கேட்டார். தனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்றும், ஆனால் தினமும் ராத்திரி எனக்காக ஜெபிப்பதாகவும் சொன்னார். மோசேயே திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்தான், நீ பயப்படாதே என்றார்.

ஞாயிறு பேச்சுக்கு இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பிச்சியைப் பற்றிய பகுதிக்கு இறந்தகால வினைகள் வேண்டும், அது நாளைய வகுப்பில்தான் வருகிறது. என் துணை அந்தப் பாடத்தை இன்றிரவே திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறார்.