வேலூர் வெயிலும் மின்சார வாட்டர் பம்பும்

தம்பி வேகத்துக்காகவே டியூன் செய்து வைத்திருக்கும் பழைய ஹோண்டா சிட்டி விடெக் காருக்கு, சத்துவாச்சாரி பட்டறையில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை (கூலன்ட்) சுற்றவைக்கும் மின்சார வாட்டர் பம்பு பொருத்தினோம். ரேஸிங் பம்பின் விலை கட்டுப்படியாகாததால், பி.எம்.டபிள்யூ. காரிலிருந்து கழற்றிய பியர்பர்க் நிறுவனப் பம்பை வாங்கினோம். 2004இல் வந்த பி.எம்.டபிள்யூ.வின் என்52 எஞ்சினிலேயே இவ்வகைப் பம்பு உண்டு.

பெல்ட்டில் ஓடும் பம்பின் வேகம் எஞ்சினின் சுற்றோடு கட்டுண்டது என்பதால், அக்னி நட்சத்திர வெயிலில் காட்பாடி மேம்பாலத்து நெரிசலில் வண்டி ஐடிலில் நிற்கும்போது, அதாவது ரேடியேட்டருக்குக் காற்றே கிடைக்காத நேரத்தில், கூலன்ட்டும் மெதுவாகவே சுற்றுகிறது. மின்சாரப் பம்போ எஞ்சினை அணைத்த பிறகும் ஓடி, தேங்கிய சூட்டை வெளியேற்றும்.

இந்த எஞ்சினில் பழைய பம்பைச் சுழற்றுவது, வால்வுகளைச் சரியான நேரத்தில் இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் ஆகையால் அதை அப்படியே கழற்றி எறிய முடியாது. உள்ளிருக்கும் இறக்கையை மட்டும் நீக்கி, பெல்ட் ஓடுவதற்காகப் புல்லியை விட்டுவைத்தோம். புதிய பம்பை ரேடியேட்டரின் கீழ்க் குழாயில், முடிந்தவரை தாழ்வாக வைத்து, பேட்டரியிலிருந்து தடித்த வயர், தனி ரிலே, தனி ஃபியூஸ் கொடுத்தோம். அதன்பின் கூலன்ட்டில் சிக்கிய காற்றை வெளியேற்றும் பிளீட் போல்ட்டைத் தளர்த்தி, குமிழி வருவது நின்று கூலன்ட் சீராக வழியும்வரை பொறுமையாகக் காற்றை வெளியேற்றினோம். என்னைக் கேட்டால் முழு வேலையிலும் முக்கியமானது இதுதான்.

பம்பு நின்றுபோனால் ஓட்டுபவருக்கு உடனே தெரிய வேண்டும். ஆகவே, வெப்பநிலை எச்சரிக்கை பஸ்ஸரைப் பொருத்திய பிறகே ஏலகிரி மலைப்பாதையில் ஏற்ற வேண்டும் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.