வாய்க்கால் கரையிலிருந்து ஒரு மனு

சென்ற ஆண்டு சித்திரைக் கடைசியில், வெண்ணாற்றுப் பாசனத்தின் சிறு கிளை வாய்க்கால் ஒன்றைத் தூர்வார வந்த இயந்திரம், கரையில் இருந்த என் அக்காவின் கூரை வீட்டை அப்புறப்படுத்திய பிறகே வேலையைத் தொடங்கியது. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்க வேண்டும், அதற்குள் கடைமடை வரை தூர்வாரியாக வேண்டும் என்பது டெல்டாவில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நானும் மூன்று மா நிலத்தில் அந்தத் தண்ணீரை நம்பிச் சாகுபடி செய்கிறவன்தான். ஆகவே இயந்திரத்தின் மீது எனக்குக் கோபம் வரவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கே குடியிருந்தவரிடம், குடியிருந்தார் என்று காட்டுவதற்கு ஒரு காகிதம்கூட அன்று கைக்கு எட்டும் இடத்தில் இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது. கணவரை இழந்த அக்காவும் பத்தாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகளும், அன்று முதல் என் வீட்டின் மாட்டுக்கொட்டகையை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் இருக்கிறார்கள்.

நாங்கள் முதலில் போனது ஒன்றிய அலுவலகத்துக்கு. வீடு இல்லாதவருக்கு வீடு கேட்க வேண்டும், வீடு கட்டித் தருவது ஊரக வளர்ச்சித் துறை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தோம். கலைஞர் கனவு இல்லம் 2024-இல் அறிவிக்கப்பட்டபோது, 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று ஊர் முழுக்கப் பேசினார்கள். பிரதமரின் வீடு கட்டும் திட்டமும் எல்லோருக்கும் தெரிந்ததே. அங்கே இருந்தவர் மரியாதையாகவே பேசினார். "பட்டா இருக்குதாம்மா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்தப் பணம் சொந்த மனையில் குடிசை போட்டிருப்பவர் அதைக் கான்கிரீட் வீடாக்கிக்கொள்வதற்கானது. மனையே இல்லாதவர் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. மனை தருவது வருவாய்த் துறை, வீடு தருவது வளர்ச்சித் துறை. இந்த இரண்டு வாசல்களில் எது முதல் வாசல் என்பதை அறியாமல் அலைபவர்கள் எங்கள் பகுதியில் ஏராளம். நாங்களும் ஒரு மாதம் அப்படித்தான் அலைந்தோம்.

அடுத்துச் செய்த தவறு இதைவிடப் பெரியது. அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர் ஒருவரிடம் கொடுத்து, "நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடியிருந்த இடத்துக்கே பட்டா வழங்க வேண்டும்" என்று எழுதி வாங்கினோம். எட்டு மாதம் கழித்து, நீர்நிலைப் புறம்போக்கு என்பதால் ஏற்க இயலாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. ஊர்க் குடியிருப்புக்கென்று விட்ட நிலமான கிராம நத்தமாக இருந்தால், நெடுங்காலம் குடியிருந்து அனுபவித்து வருவதைக் காட்டிப் பட்டா கேட்க வழி உண்டு. வாய்க்கால், ஏரி, குளம், ஆற்றுப் படுகை ஆகியவற்றுக்கு அந்த வழி இல்லை. உயர் நீதிமன்றத்தின் உத்தரவுகள் இதில் கண்டிப்பானவை, எத்தனை தலைமுறை இருந்தாலும் மாற்றமில்லை. ஆனால் நிலமற்றவர், வீடற்றவர் என்ற தகுதி அதனால் போய்விடுவதில்லை. அதே மனுவில் "ஊரில் தகுதியான வேறு இடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா வழங்க வேண்டும்" என்று எழுதியிருந்தால், அந்த எட்டு மாதமும் எங்களுக்கு மிஞ்சியிருக்கும். மனு எழுதித் தந்தவரை நான் குறை சொல்லவில்லை. நாங்கள் சொன்னதை அழகான கையெழுத்தில் எழுதினார், அவ்வளவே.

இரண்டாவது மனுவுக்கு முன்னால் ஒரு மாதம் வேறு எதுவும் செய்யாமல் காகிதம் மட்டும் சேர்த்தோம். ஆதார், குடும்ப அட்டை, இ-சேவை மையத்தில் வாங்கிய வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதரவற்ற விதவைச் சான்றிதழ், நூறு நாள் வேலை அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவை யாரும் சொல்லக்கூடியவை. இவற்றில் பெயரும் முதலெழுத்தும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட வேண்டும். அக்காவுக்கு ஆதாரில் அப்பாவின் முதலெழுத்தும், குடும்ப அட்டையில் கணவரின் முதலெழுத்தும் இருந்தன. அதைச் சரிசெய்யவே மூன்று வாரம் ஆயிற்று.

கடினமாக இருந்தது, இந்த ஊரில்தான் குடியிருந்தார் என்பதற்கான சான்று. வீட்டுவரி ரசீது கிடையாது, ஏனென்றால் அந்தக் குடிசைக்குக் கதவு எண்ணே போட்டதில்லை. அக்காவின் தகரப் பெட்டியைச் சாய்ப்பில் கவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்தோம். குடிசைக்குக் கொடுத்த ஒரு விளக்கு மின் இணைப்பின் அட்டை, ஓரம் கரையான் தின்றிருந்தாலும் இணைப்பு எண் தெளிவாக இருந்தது. மகளுக்குத் தடுப்பூசி போட்ட அட்டையில் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர், தெருப்பெயருக்குப் பதிலாக "வாய்க்கால் கரை" என்றே எழுதியிருந்தார். எனக்கு மிகவும் பிடித்த சான்று பழைய வங்கிப் புத்தகத்தில் இருந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது அக்காவின் கூரை பறந்துபோனது. அதற்கான நிவாரணம் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருந்த அந்த ஒரு வரி, அந்த ஆண்டில் அவர் அங்கே குடிசையில் இருந்தார் என்பதை அரசே எழுதிக்கொடுத்தது போல இருந்தது.

ஒரு விஷயத்தை மறைக்கலாமா என்று எங்களுக்குள்ளே பேச்சு வந்ததையும் சொல்லிவிடுகிறேன். அக்காவின் மாமனார், ஒரு மிராசுதாரரின் பண்ணையில் வேலை செய்தவர். நிலச்சுவான்தார்களின் இடத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்தக் குடியிருப்பு மனையையே சொந்தமாக்கிய 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, அவருக்கு நாலு சென்ட் மனை கிடைத்தது. அவருக்கு நான்கு பிள்ளைகள். மூன்று பேர் அதில் வீடு கட்டிவிட, நான்காவது பிள்ளையான அக்காவின் கணவர் வாய்க்கால் கரைக்குப் போனார். ஆகவே காகிதப்படி அக்காவுக்கும் மகளுக்கும் அதில் பங்கு உண்டு. கோழிக்கூடு வைக்கக்கூட இடமில்லாத பங்கு. விசாரணைக்கு வருபவர் உறவுமுறையில் யாரையாவது கேட்டால் இது வெளிவரும், அப்போது மறைத்த குற்றம்தான் மிஞ்சும். அதனால் மனுவிலேயே ஒரு பத்தி எழுதி, அந்த மனையில் மூன்று வீடுகள் நிற்பதையும், தனியாகப் பிரித்துக் குடியிருக்க இடம் இல்லாததையும் சொல்லி, பட்டா நகலையும் இணைத்தோம். மூத்த கொழுந்தனாரும் அதற்குச் சாட்சியாகக் கையெழுத்திட்டார். இத்தனை ஆண்டு பேச்சுவார்த்தை இல்லாதவர், பேனாவை வாங்கும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை என்றாலும் போட்டுக்கொடுத்தார்.

பிறகு, இடம். "ஏதாவது ஓர் இடம் தாருங்கள்" என்று கேட்டால், "இடம் இல்லை" என்று பதில் எழுதுவது எளிது. பழைய பழக்கத்தில் நாங்கள் இன்னும் தலையாரி என்றே அழைக்கும் கிராம உதவியாளர் ஒருவர், ஓய்வு பெற்றவர், ஒரு மாலை என்னோடு ஊரைச் சுற்றி நடந்தார். "தம்பி, இது களத்துப் புறம்போக்கு, இதைக் கேக்காதீங்க. அது கோயில் இடம், அதையும் விட்ருங்க. அந்த ஒதியமரம் நிக்குதே, அங்கேருந்து ரோடு வரைக்கும் நத்தம், காலியாத்தான் கிடக்குது" என்றார். அந்தப் புல எண்ணை, ஊர் நிலங்களின் வகையைக் காட்டும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் சரிபார்த்து மனுவில் குறிப்பிட்டோம். ஊரில் நத்தமே காலியில்லை என்றால், வீட்டுமனைக்காக நிலம் கையகப்படுத்திப் பிரித்துக் கொடுக்கும் வழியும் உண்டு. ஆதிதிராவிடர் நலத்துறைக்கென்று தனி வட்டாட்சியரே இருக்கிறார்.

மனுவை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, அதன் நகலை ஒரு திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுத்தோம். அங்கே பதிவு செய்து எண்ணோடு ஒப்புகை தருகிறார்கள். அந்த எண் இல்லாமல் திரும்பக்கூடாது. முதல் மனுவுக்கு நாங்கள் ஒப்புகை வாங்காததால், அது எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்பதற்கே பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட வேண்டியிருந்தது.

பதினைந்து நாளுக்கு முன்பு வருவாய் ஆய்வாளர் நேரில் வந்தார். சாய்ப்பைப் பார்த்தார், பெட்டியிலிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் படித்தார், தடுப்பூசி அட்டையை மட்டும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார். ஒதியமரத்தடிக்குப் போய்க் காலடியால் அளந்து பார்த்துவிட்டு, "நில அளவர் வருவார்" என்று சொல்லிப் போனார். அளவர் இன்னும் வரவில்லை. அக்கா தினமும் காலையில் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறார். அங்கே யாராவது வைக்கோல் போர் போட்டுவிட்டார்களா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்கிறார்.