நெடுந்தீவுக் கல்வேலியும் ஒபர்கிளாட் பாகரும்

சூரிச்சுக்குப் பக்கத்து ஒபர்கிளாட்டில் ஒரு பாகர் தானாகக் கல் அடுக்கியிருக்கிறதாம் என்று முதலில் சொன்னது எங்கள் வேலைத்தளத்து அல்பேனியப் பொடியன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒரு கையில் போன், மற்றக் கையில் பாண். "ஷெஃப், உங்கட வேலை போகப்போகுது" என்று சிரித்தான். ஷெஃப் என்றால் இங்கே மேலாள். பாகர் என்றால் ஊரில் நாங்கள் பெக்கோ என்கிற, மண் தோண்டும் மெசின்தான். இங்கே சுவிஸில் முப்பது வருடத்துக்கு மேல் மாரடித்ததில் இந்தச் சொல்தான் வாயில் ஒட்டிக்கொண்டது.

வீடியோவைப் பார்த்தேன். அந்த மெசினை எனக்கு முன்பே தெரியும். நாலு காலும் நாலு சில்லும் வைத்த நடக்கும் பாகர், 12 தொன். மலைச்சரிவில் சாதாரண பாகர் உருண்டுவிடும் இடத்தில் இது சிலந்தி மாதிரிக் காலை விரித்து நிற்கும். மென்சி முக் என்ற சுவிஸ் கம்பனி செய்வது. வீடியோவில் அது ஒரு பாறையைக் கவ்வித் தூக்கியது. தூக்கியவுடன் வைக்கவில்லை. முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து அப்படியும் இப்படியும் திருப்பியது. பிறகு சுவருக்குக் கொண்டுபோய், கொஞ்சம் சரித்து, ஒரு இடுக்கில் இறக்கியது. கட்டுப்பாட்டுப் பிடியில் ஒருவரும் கை வைக்கவில்லை.

பாணைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தரம் போட்டுப் பார்த்தேன். அந்தத் திருப்பல் எனக்குத் தெரிந்த திருப்பல்.

நான் நெடுந்தீவான். யாழ்ப்பாணத்துத் தீவு, குறிகட்டுவான் துறையில் இருந்து ஒரு மணித்தியாலப் படகு. தீவுக்குப் போனவர்கள் குதிரையையும் பெருக்குமரத்தையும் பற்றிச் சொல்வார்கள். எனக்கு நெடுந்தீவு என்றால் கல்வேலிதான். றோட்டின் இரண்டு பக்கமும், வளவுக்கு வளவு, தோட்டத்துக்குத் தோட்டம், முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கின வேலி. சீமெந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, களிமண்கூட இல்லை. கல்லுக்குக் கல்லே பிடி. மற்ற ஊர்களில் கிடுகும் பனை மட்டையும் கட்டி வேலி அடைப்பார்கள். எங்கள் ஊரில் நிலத்தைக் கொத்தினால் கல்தான் வரும், அதை எங்கேயாவது போடவேண்டும், அதனால் வேலியானது. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் அது வேலிக்குள்ளால் ஊதிக்கொண்டு போகும். ஓட்டை இருப்பதால்தான் வேலி விழாமல் நிற்கிறது என்று அப்பு சொல்வார். அப்பு என்றது என் அப்பாவின் அப்பா.

அப்பு மேசன் இல்லை. கடலும் கொஞ்சம் தோட்டமும்தான். ஆனால் வேலி இடிந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வந்தவுடன் கல்லில் கை வைக்கமாட்டார். இடிந்து கிடக்கிற குவியலைச் சுற்றி ஒரு நடை நடப்பார். சுருட்டு முடியும் வரை பார்ப்பார். பிறகு எடுக்கத் தொடங்கினால் நிற்காது. எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். "டேய், அந்த நாய்த்தலைக் கல்லை எடு" என்பார். எனக்கு எல்லாக் கல்லும் ஒன்றுதான். எடுத்துக் கொடுத்தால் ஒரு உருட்டு, இன்னொரு உருட்டு, வைத்தால் ஆடாது.

இப்போது சூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆட்கள் செய்ததைச் சொல்கிறேன். அவர்களின் ஆய்வுக் கட்டுரை 2023 நவம்பரில் வந்தது. மகளிடம் கொடுத்து, இரண்டு சனிக்கிழமை இருந்து விளங்கிக்கொண்டேன். முதலில் மெசின் நிற்கிற இடத்தைச் சுற்றியுள்ள நிலம் முழுவதையும் லேசர் கொண்டு அளந்து முப்பரிமாண வரைபடம் ஆக்குகிறது. அந்தப் படத்தில் எது மண், எது கல், ஒரு கல் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிகிறது. கேட்கச் சின்ன விசயம் மாதிரி இருக்கும். ஒரு குவியலில் அரைவாசி மண்ணில் புதைந்து கிடக்கிற கல்லின் ஓரத்தைக் கண்டுபிடிப்பது சின்ன விசயமே இல்லை, புதிதாக வேலைக்கு வருகிற பொடியனுக்கே அது வராது. பிறகு கவ்வி எடுத்து, நான் வீடியோவில் பார்த்த மாதிரித் திருப்பித் திருப்பி முழு உருவத்தையும் பதிந்துகொள்கிறது. ஏறத்தாழ எவ்வளவு பாரம், பாரமையம் எங்கே என்பதும் அதோடு சேர்ந்துவிடும். இப்படி ஒரு லொறியில் வந்த இருபது முப்பது கல்லின் கணக்கும் கொம்பியூட்டரில் ஏறுகிறது.

அதற்குப் பிறகுதான் அப்புவின் வேலை. கட்டவேண்டிய சுவரின் வடிவம் ஒரு பக்கம், கையில் உள்ள கற்கள் மற்றப் பக்கம். எந்தக் கல்லை எப்படிச் சரித்து எங்கே வைத்தால் கீழ்க்கல்லோடு நன்றாகப் பொருந்தும், முகம் நேராக வரும், உருளாது என்று கணக்குப் போடுகிறது. வைக்கிறது. வைத்தபிறகு சுவரைத் திரும்பவும் அளக்கிறது, ஏனென்றால் கல் ஒருநாளும் நினைத்த இடத்தில் மில்லிமீற்றர் பிசகாமல் உட்காராது. உட்கார்ந்த இடத்தை வைத்து அடுத்த கல்லுக்குக் கணக்கு.

ஒரு கல்லையும் உடைக்கவில்லை, வெட்டவில்லை. இதைத்தான் நான் மகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். "இல்லை அப்பா, கிடைச்ச மாதிரியேதான் வைக்கிறாங்கள்" என்றாள்.

இப்படி முதலில் 10 மீற்றர் நீளத்தில் தனியாக நிற்கும் சுவர் ஒன்று, 4 மீற்றர் உயரம். பிறகு ஒபர்கிளாட்டில் நிரந்தரமாக ஒரு தாங்குசுவர்: 65.5 மீற்றர் நீளம், 6 மீற்றர் உயரம், 1.8 மீற்றர் தடிப்பு. பக்கத்துப் படிக்கட்டு நிலம் 665 சதுர மீற்றரையும் அதே மெசினே வெட்டிச் சமன் செய்தது. மார்கோ ஹுட்டரின் ரோபோக் கூடமும், ஃபாபியோ கிராமாசியோ, மத்தியாஸ் கோலர் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களின் ஆய்வுக் குழுவும், நிலத்தோற்றக் கலைத் துறையும் சேர்ந்து செய்த வேலை.

ஒரு சனிக்கிழமை நேரில் போனேன். ஒபர்கிளாட் கிளோட்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர், தலைக்கு மேலால் பிளேன் போய்க்கொண்டே இருக்கும். பாகர் அங்கே இல்லை, சுவர் மட்டும்தான். தள்ளி நின்றுதான் பார்த்தேன். முதல் பார்வைக்கு அழகில்லை என்றுதான் சொல்வேன். இத்தாலிக்காரப் பழைய மேசன் கட்டின சுவரில் கிடைவரி ஓடும், கண் அதைப் பிடித்துக்கொண்டு போகும். இதில் வரி இல்லை. ஆள் தூக்க முடியாத பாறைகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. ஆனால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், ஒவ்வொன்றும் பாரத்தைக் கீழே இரண்டு கல்லுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டு நிற்பது தெரியும். மேலும் கீழும் ஒரே கோட்டில் இடுக்கு ஓடவில்லை. அப்பு நிச்சயம் சுற்றி ஒரு நடை நடந்திருப்பார். "பரவாயில்லை" என்றிருப்பார். அதற்கு மேல் அவர் ஒருவரையும் புகழ்ந்ததில்லை.

ஏன் இதற்கு இவ்வளவு பாடு? இந்த நாட்டில் சரிவில் மண்ணைத் தடுக்க வேண்டும் என்றால் ஒரே பதில்தான்: கம்பி கட்டு, பலகை அடி, கொங்கிறீற் ஊற்று. நானே எத்தனை ஊற்றியிருக்கிறேன். கல் அடுக்கத் தெரிந்த கைகளும் குறைவு, அந்தக் கைகளின் மணித்தியாலச் சம்பளமும் கூட. சீமெந்தோ மலிவு. மலிவு என்று நாங்கள் சொல்வது பில்லைப் பார்த்து. சுண்ணாம்புக்கல்லை 1,450 பாகை வரை சூளையில் வேகவைத்துத்தான் சீமெந்து வருகிறது. எரிக்கிற நிலக்கரியின் புகை ஒரு பங்குதான். கல் தனக்குள் பிடித்து வைத்திருந்த காபனீரொட்சைட்டை வெக்கையில் விடுகிறதே, அதுதான் பெரிய பங்கு. அடுப்பை வெயில் மின்சாரத்தில் எரித்தாலும் அது நிற்காது. உலகம் முழுவதும் மனிதர் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 8 வீதம் சீமெந்தால் வருகிறது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990-இல் போரோடு நின்றுபோனது. அதற்காகக் கல் எடுத்த கிடங்குகளை இப்போதும் போய்ப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குச் சீமெந்து எங்கிருந்து வருகிறது என்று படம் போட்டுக் காட்டத் தேவையில்லை.

கல்லடுக்குக்கு இன்னொரு குணம் உண்டு, அது எனக்கு அடிபட்டுத் தெரிந்தது. பல வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஓரிடத்தில், வீட்டுக்குப் பின்னால் ஒரு கொங்கிறீற் தாங்குசுவர் போட்டோம். சுவருக்குப் பின்னால் சரளை நிரப்பி, அடியில் தண்ணீர்க் குழாய் வைக்கவேண்டும். வைத்தோம். ஆனால் சரளையையும் மண்ணையும் பிரிக்கிற துணியை யாரோ அவசரத்தில் அரைகுறையாக விரித்துவிட்டார்கள். இரண்டு மாரிக்குள் சேறு இறங்கிக் குழாய் அடைத்துவிட்டது. தண்ணீர் போக வழியில்லாமல் சுவரைத் தள்ளியது. நடுவில் மூன்று விரல் அகலம் வெளியே வந்துவிட்டது. அதை உடைத்து எடுத்த கிழமை முழுக்க எனக்கு அப்புவின் ஓட்டைதான் ஞாபகம். சும்மா அடுக்கின கல்லுக்குப் பின்னால் தண்ணீர் தேங்காது. தேங்க விடாமல் நூறு ஓட்டை இருக்கும்.

இவர்களின் பழைய வேலைகளையும் மகள் காட்டினாள். கிராமாசியோவும் கோலரும் கட்டடக் கலைக்கு ரோபோவைக் கொண்டுவந்து இருபது வருடமாகிறது. 2006-இல் ஃப்ளேஷ் என்ற ஊரில் ஒரு வைன் ஆலைக்கு, 20,000 செங்கல்லை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் திருப்பி ரோபோக் கை ஒட்டியது. தூரத்தில் நின்று பார்த்தால் கூடையில் பெரிய முந்திரிப்பழம், அதுதான் திராட்சை, நிரப்பின மாதிரி இருக்கும். வெளிச்சமும் காற்றும் உள்ளே வரும். நல்ல வடிவு. 2019-இல் டூபென்டோர்ஃபில் மூன்று மாடி வீடொன்று முடித்தார்கள். ஒரு ரோபோ கம்பி வலையை வளைத்து ஒட்டுகிறது, அந்த வலையே அச்சாகி கொங்கிறீற்றைத் தாங்குகிறது. வளைந்த சுவருக்குப் பலகை அடித்து, ஒருதரம் ஊற்றிவிட்டு, முழுப் பலகையையும் குப்பையில் போட்டவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். அதே வீட்டின் கூரைத்தட்டில் மணலில் அச்சிட்ட வார்ப்புக்குள் ஊற்றிய பகுதி, மெல்லிய இடத்தில் 20 மில்லிமீற்றர்தான். கெட்டித்தனம், மறுக்கவில்லை. ஆனாலும் அது கொங்கிறீற்றைக் குறைத்துக் கட்டின வீடு. ஒபர்கிளாட் சுவர் ஊற்றிக் கட்டினது இல்லை, அடுக்கிக் கட்டினது.

குறையும் சொல்லவேண்டும். மெசின் ரோபோ என்றாலும் குடிப்பது டீசல். கல் பக்கத்தில் கிடந்தால்தான் இந்தக் கணக்கு ஓடும், நூறு கிலோமீற்றர் லொறியில் ஏற்றிவந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் புகையாகப் போய்விடும். சுவர் 1.8 மீற்றர் தடிப்பு. சூரிச் நகரத்துக்குள் அவ்வளவு நிலத்தைச் சுவருக்குக் கொடுக்க எவன் சம்மதிப்பான்? மலைப்பாதை, ஆற்றங்கரை, றெயில்வே சரிவு, அப்படியான இடங்களில் இது வரும் என்று நினைக்கிறேன்.

வேலை போகுமா என்று பொடியன் கேட்டதற்குப் பதில்: எனக்கு 57. எங்கள் சங்கம் வேலைநிறுத்தம் செய்து வாங்கித் தந்ததால் 2003-இல் இருந்து கட்டடத் தொழிலாளி 60-இல் ஓய்வெடுக்கலாம். என் இரண்டு முழங்காலும் அந்த நாளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒரு தொன் பாறையை மெசின் தூக்குவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்கு நெஞ்சில் குத்தியது வேறொன்று. சும்மா கல்லடுக்கும் கலையை 2018-இல் சுவிஸ் உட்பட எட்டு நாடுகளின் பேரில் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. நெடுந்தீவின் பேர் அதில் இல்லை. இங்கே பல்கலைக்கழகம் அந்தக் கலையை மெசினுக்குப் படிப்பிக்கிறது. அங்கே விழுந்த கல்வேலிக்குப் பதிலாக சீமெந்துக் கல் வாங்கிப் படகில் ஏற்றுகிறார்கள்.

சுவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு ஊரில் இருக்கிற சித்தப்பாவின் மகன் தம்பிக்கு வட்ஸ்அப்பில் அடித்தேன், அப்பு கட்டின வேலியைப் படம் எடுத்து அனுப்பு என்று. அடுத்த நாள் படம் வந்தது. கிணற்றுப் பக்கம் ஒரு பாகம், ஆறடி அளவு இடிந்து கிடக்கிறது. ஆடு ஏறி விழுத்தினதாம். கல்லெல்லாம் பக்கத்திலேயே கிடக்கிறது, ஒன்றும் குறையவில்லை.

படத்தைப் பெரிதாக்கி, அந்த மெசின் செய்வது மாதிரி எந்தக் கல் எங்கே போகும் என்று பார்க்கத் தொடங்கினேன். அடியில் இரண்டு கண்டுபிடித்தேன். மூன்றாவதில் நின்றுவிட்டேன், படத்தில் கல்லின் மறுபக்கம் தெரியாதே. கடைசியில் ஒரு குரல் செய்தி அனுப்பினேன். "தம்பி, சீமெந்து வாங்கிப்போடாதே. வலப்பக்கம் கிடக்கிற அந்த நீட்டுக்கல்லை முதலில் குறுக்கே வை, மற்றதெல்லாம் தானா வரும்."

பதில் காலமை வந்தது. "அண்ணை, படம் முந்தநாள் எடுத்தது. அது நேற்றே அடுக்கியாச்சு. நீங்க சொன்ன நீட்டுக்கல் சரிவரேல்லை, நாய்த்தலையைத்தான் வைச்சது."