பாட்டின் கணக்கும் மீமின் கணக்கும்

இசை நிறுவனமொன்றின் டிஜிட்டல் பிரிவில், பிறர் யூடியூபில் ஏற்றும் காணொளிகளில் எங்கள் பாடல்கள் எங்கெங்கே ஒலிக்கின்றன என்று கண்காணிப்பது என் வேலையாக இருந்தது. நாங்கள் ஒரு பாடலின் மூலப்பதிவைக் கொடுத்துவிட்டால், புதிதாக ஏற்றப்படும் ஒவ்வொரு காணொளியையும் யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி அமைப்பு அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் அந்தக் காணொளியைத் தடுக்கவோ, விளம்பரம் இட்டு வருமானத்தை எடுத்துக்கொள்ளவோ, தொடாமல் எண்ணிக்கையை மட்டும் கவனிக்கவோ உரிமையாளருக்கு வழி உண்டு. மாத அறிக்கையில் நாங்களே வெளியிட்டவற்றின் பார்வை எண்ணிக்கைக்கு ஒரு பத்தி, மற்றவர்கள் ஏற்றியவற்றின் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி. இரண்டையும் கூட்டி அதுவே பாட்டின் வெற்றி என்று கூட்டங்களில் பேசப்படும்போதெல்லாம் எனக்கு உடன்பாடு இருந்ததில்லை.

அந்தக் கூட்டல் எவ்வளவு பெரிய விளைவை உண்டாக்கும் என்பதற்கு அமெரிக்காவில் பாடல்களை வாரந்தோறும் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலே சான்று. 2012 ஜூலையில் வெளியான, தென் கொரியப் பாடகர் சையின் ‘கங்னம் ஸ்டைல்’, அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று யூடியூபில் நூறு கோடிப் பார்வைகளைத் தொட்ட முதல் காணொளியாயிற்று. ஆயினும், யூடியூப் பார்வைகள் அப்போது அந்தப் பட்டியலின் கணக்கில் சேராததாலும், அமெரிக்க வானொலிகள் மரூன் 5 குழுவின் பாட்டையே அதிகம் ஒலிபரப்பியதாலும், ஏழு வாரங்கள் இரண்டாம் இடத்திலேயே அது நின்றுவிட்டது. உலகமெங்கும் அதிலுள்ள குதிரைச் சவாரி போன்ற நடனத்தைப் போலச் செய்தவர்கள் ஏராளம் என்றாலும், அந்த நூறு கோடியும் சையின் சொந்தக் காணொளிக்குக் கிடைத்தவை.

2013 பிப்ரவரியில் பில்போர்டு விதியை மாற்றி, யூடியூப் பார்வைகளையும், மூல ஒலிப்பதிவைப் பயன்படுத்தி ரசிகர்கள் ஏற்றிய காணொளிகள் உட்பட, சேர்த்துக்கொண்டது. உடனே அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் பாவரின் ‘ஹார்லம் ஷேக்’ நேராக முதலிடத்தில் நுழைந்து ஐந்து வாரங்கள் அங்கேயே இருந்தது. 2012 மே மாதமே வெளிவந்து, நடன இசைப் பிரியர்களைத் தாண்டி அதிகம் அறியப்படாதிருந்த பாட்டு அது. ஒருவர் மட்டும் ஆடிக்கொண்டிருக்க, தாளம் இறங்கும் கணத்தில் அறையிலுள்ள அனைவரும் கோமாளித்தனமாகக் குதிக்கும் அரை நிமிடக் காணொளிகளே அதை மேலே தூக்கின. நார்வே இராணுவ வீரர்களும் ஆடினார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்கமொன்றில் ஆடிய தொழிலாளர்களுக்கு வேலையே போயிற்று, நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. 1980களிலிருந்து அதே பெயரில் தங்களுக்கென ஒரு நடனத்தை வைத்திருந்த, நியூயார்க்கின் ஹார்லம் பகுதி மக்களுக்கோ, இது தங்கள் ஆட்டமே இல்லை என்ற எரிச்சல்.

மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் அந்தப் பாட்டில் மக்கள் கேட்டது அரை நிமிடம். அதையும் குதிப்பவர்களைப் பார்ப்பதற்காகவே கேட்டார்கள். ‘கங்னம் ஸ்டைல்’ விஷயத்தில் பாட்டிலிருந்து மீம், அதாவது பலரும் போலச் செய்து பரப்பும் வேடிக்கை, கிளைத்தது, ஆகவே மீம் வளர வளர மக்கள் மூலக் காணொளிக்கே திரும்பி வந்தார்கள். ‘ஹார்லம் ஷேக்’ விஷயத்தில் திரும்பி வருவதற்கு அப்படியொரு மையம் இருக்கவில்லை. முந்தையதை இரண்டாம் இடத்திலும் பிந்தையதை முதலிடத்திலும் வைத்த பட்டியல், இரண்டில் எதைப் பற்றியும் சரியாகச் சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

பணத்தைப் பொறுத்தவரை எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஒருவருடைய இசையை வைத்து இன்னொருவர் சிரிக்க வைத்தால், அந்த விளம்பர வருமானத்தில் இசையமைத்தவருக்குப் பங்கு சேரத்தான் வேண்டும்; பாவரின் தரப்பும் அந்தக் காணொளிகளைத் தடுக்காமல் விளம்பரத்தையே தேர்ந்தெடுத்தது. அந்தப் பாட்டிலேயே அனுமதி பெறாமல் எடுத்தாளப்பட்ட இரு குரல்களின் சொந்தக்காரர்கள் பின்னர் தங்கள் பங்கைக் கேட்டு வந்ததும் அதே நியாயத்தின் பேரில்தான். ஆனால் வருமானம் எவருக்குச் சேரும் என்பது ஒரு கேள்வி, மக்கள் எதை விரும்பினார்கள் என்பது வேறு கேள்வி. அடுத்த பாட்டுக்கு எவ்வளவு செலவிடலாம் என்று தீர்மானிப்பவர்கள் இரண்டாவது கேள்விக்கான விடையைத்தான் தேடுகிறார்கள். அவர்கள் கேட்டபோதெல்லாம் அவ்விரு பத்திகளையும் கூட்டாமல் தனித்தனியாகவே அனுப்பி வந்தேன்.